கீமோ நடக்கும்போது மனசு தாங்கவில்லை என்றால் யாரிடம் போவது?

"மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு சைக்கிள் (சுற்று) முடிந்துவிட்டது. ராத்திரி தூக்கமில்லை, திடீரென்று அழுகை வருகிறது. வீட்டில் தைரியமாக இரு என்கிறார்கள். மனநல உதவி எங்கே கிடைக்கும்? கேட்டால் டாக்டர் தப்பாக நினைப்பாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நினைக்க மாட்டார். நினைத்தாலும் பரவாயில்லை, கேளுங்கள். நான் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு இருந்ததில் ஒன்றரை மாதம் போய்விட்டது.

எனக்கும் இதே நோய்தான். 2023-இல் சிகிச்சை. 21 நாளைக்கு ஒரு தடவை சிவப்பு மருந்து, நான்கு முறை. அப்புறம் வாராவாரம் இன்னொரு மருந்து, 12 முறை. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய் வருவோம். முதல் சைக்கிள் முடிந்ததும் டாக்டரிடம், "மனசு ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றேன். "எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா, தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

மனசு சொல்லாததை உடம்பு சொல்லிவிட்டது. மூன்றாவது சைக்கிளுக்குக் கிளம்பும்போது, ஆணியில் மாட்டியிருந்த மஞ்சப்பையை (ஃபைல் அதில்தான் இருக்கும்) கணவர் எடுத்தார். அதைப் பார்த்ததுமே வயிற்றைப் பிரட்டியது. பஸ் அய்யம்பேட்டை தாண்டியதும் வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்பிரிட் வாடை வந்ததும் வாந்தி எடுத்துவிட்டேன். வார்டில் இருந்த சிஸ்டர் என் முதுகைத் தடவிக்கொண்டே, "இன்னும் ஊசியே போடலையேக்கா, அதுக்குள்ளயா?" என்றார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டார். என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

மருந்து ஏறும் முன்னாலேயே வரும் இந்தக் குமட்டல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். முந்தைய சைக்கிள்களின் வாடையையும் இடத்தையும் வாந்தியோடு சேர்த்து உடம்பு மனப்பாடம் பண்ணிவிடுகிறது. இதற்கு வழக்கமான வாந்தி மாத்திரை மட்டும் போதாது, மனநலச் சிகிச்சையும் வேண்டும். அந்த சிஸ்டர்தான் டாக்டரிடம் பேசி, அங்கேயே வாரத்தில் இரண்டு நாள் வரும் உளவியலாளருக்குச் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தார். அப்படி ஒருவர் அங்கே வருகிறார் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த உளவியலாளர் அம்மா என்னிடம் எடுத்த எடுப்பில் கதை கேட்கவில்லை. ஒரு தெர்மாமீட்டர் படம் போட்ட தாளைக் கொடுத்தார். 0-இலிருந்து 10 வரை கோடு. இன்றைக்கும் சேர்த்து இந்த ஒரு வாரமாக எவ்வளவு வேதனை என்று குறிக்கச் சொன்னார். 8-இல் குறித்தேன். "நாலு வந்தாலே நாங்க கூப்பிட்டுப் பேசணும்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

பிறகு ஒரு நோட்டில் தூக்கத்தையும் அழுகையையும் தேதி போட்டு எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தால், மிக மோசமான ராத்திரிகள் எல்லாம் கீமோ போட்ட முதல் மூன்று நாட்களில்தான் வந்திருந்தன. அந்த நாட்களில் வாந்திக்காகத் தரும் டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. அது தூக்கத்தைக் கெடுக்கும், மனநிலையையும் ஆட்டி வைக்கும். நோட்டைக் காட்டியதும் டாக்டரே சாயங்கால வேளை மாத்திரையைக் காலைக்கு மாற்றினார். நீங்களாக மாற்றாதீர்கள், நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அசதியும் சோர்வும் விடாமல் இருந்தால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

குமட்டலுக்கு அவர் கற்றுத் தந்தது தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. கையை இறுக்க மூடி ஐந்து எண்ணி விட வேண்டும், அப்புறம் தோள், தாடை, கால் என்று ஒவ்வொன்றாக. அந்தத் தளர்ச்சியிலேயே கண்ணை மூடி மஞ்சப்பை, பஸ், வாசல், நாற்காலி என்று வரிசையாக நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கே வயிறு புரள்கிறதோ அங்கே நின்று, மறுபடி கையிலிருந்து தொடங்க வேண்டும். நான்காவது சைக்கிளுக்கு முந்தின நாள் ராத்திரிக்கு டாக்டர் ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்தார். மறுநாளும் குமட்டியது. ஆனால் நாற்காலி வரை வாந்தி இல்லாமல் போய்ச் சேர்ந்தேன்.

சரி, நீங்கள் எங்கே போவது? முதலில் கீமோ போடும் இடத்திலேயே கேளுங்கள். டாக்டரிடம் நேரமில்லையென்றால் வார்டு சிஸ்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேட்கலாம். "மனசு சரியில்லை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், "பத்து நாளாக இரண்டு மணி நேரம்தான் தூங்குகிறேன், தினம் அழுகிறேன்" என்று கணக்காகச் சொல்லுங்கள். புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும் இடங்களும் உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாத ஊரென்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். உளவியலாளர் பேச்சாலும் பயிற்சியாலும் உதவுவார், மாத்திரை தேவையென்றால் மனநல மருத்துவர்தான் எழுத வேண்டும். சிலருக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.

மனநல மருத்துவரிடம் போகும்போது கீமோ ஃபைலை அப்படியே கொண்டுபோங்கள். பின்னால் உங்களுக்குத் தமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் ஹார்மோன் சிகிச்சை) மாத்திரை எழுதினால் இது இன்னும் முக்கியம். மனச்சோர்வுக்குத் தரும் பராக்செடின், ஃப்ளூஆக்செடின் போன்ற சில மருந்துகள் தமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். மாற்று மருந்துகள் இருக்கின்றன, சொன்னால்தானே அவருக்குத் தெரியும். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையைப் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது.

வெளியே போக முடியாத நாளில் 14416-க்குப் போன் பண்ணுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை அது. காசில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். செத்துப் போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். போன் பண்ண 14416 இருக்கிறது, சென்னை சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் 044-24640050 இருக்கிறது. நிலைமை மோசமென்றால் எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கும் நேராகப் போங்கள்.

வீட்டாரையும் ஒரு தடவை கூட்டிப்போங்கள். உளவியலாளரைப் பார்க்க மூன்றாவது முறை போனபோது என் கணவரும் உள்ளே வந்தார். எனக்கு எதுவுமே ஆகாத மாதிரி நடந்துகொண்டவர் அவர். அன்றைக்கு அந்தம்மா கேட்டதும், "ராத்திரி இவ மூச்சு விடுறாளான்னு பாத்துக்கிட்டே படுத்திருப்பேன்" என்றார். இருவரும் ஒரே கட்டிலில் தூங்காமல் கிடந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல்.

அடுத்த சைக்கிள் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வார இடைவெளி என்றால் முதல் வாரம் அசதியிலேயே போய்விடும், இரண்டாவது வாரம் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும், தொற்று எளிதில் வரும். அந்த இரண்டு வாரமும் போனில் பேசுங்கள். மூன்றாவது வாரம் உடம்பு கொஞ்சம் தெளியும்போது, மாஸ்க் போட்டுக்கொண்டு நேரில் போங்கள்.