அலாஸ்காவில் படகில் மூஸ் வேட்டை: எதை முதலில் திட்டமிடுவது?

செப்டம்பரில் யூகான் ஆற்றின் கிளையாறு ஒன்றில் மூஸ் என்னும் பெரிய மானை வேட்டையாடப் படகில் போகப் போவதாகவும், எந்தத் துப்பாக்கி சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள். துப்பாக்கி கிடக்கட்டும், முதலில் எடைக் கணக்கைப் போடுங்கள். நன்கு வளர்ந்த ஆண் மூஸ் ஒன்றில் கறி மட்டுமே 500 பவுண்டு, அதாவது 225 கிலோவுக்கு மேல் தேறும், எலும்போடு ஒரு பின்தொடையைத் தோளில் ஏற்றிப் புதருக்குள் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். அதனால் கரையிலிருந்து ஒரு மைல் உள்ளே நிற்பதை, கொம்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தண்ணீருக்குள் நிற்பதைச் சுடவே சுடாதீர்கள், அங்கே வெட்டுவது நரகம்.

படகில் ஆள், கூடாரம், பெட்ரோல் எல்லாம் ஏற்றிய பிறகும் அந்தக் கறிக்கு இடம் இருக்கிறதா? எதிர்நீரில் மேலே போய் வேட்டையாடுவதுதான் என் பழக்கம், எஞ்சின் படுத்தாலும் ஆறே கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆனால் மழை நின்றால் நீர்மட்டம் இறங்கிவிடும், போகும்போது மிதந்து கடந்த மணல்திட்டில் திரும்பும்போது படகு பாரத்தோடு தட்டும்.

கறிக்குப் பருத்திப் பைதான், பிளாஸ்டிக் வேண்டாம், புழுங்கிக் கெட்டுவிடும். அப்புறம் சட்டம்: கறி முழுவதும் காட்டிலிருந்து வெளியே வந்த பிறகோ, கடைசிச் சுமைக் கறியோடு சேர்த்தோதான் கொம்பை எடுத்துவர வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையும் இல்லை, அலாஸ்காவாசியும் இல்லையென்றால் உரிமம் பெற்ற வழிகாட்டியும் கட்டாயம், அந்தச் செலவையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.