க்ளினிக்கில் பெர்மனென்ட் மேக்கப் வேலை: கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். மதுரையில் ஒரு தோல் மருத்துவமனையில் 9 வருடமாக மைக்ரோபிக்மென்டேஷன், அதாவது ஊசியால் தோலுக்குள் நிறம் ஏற்றும் வேலை செய்கிறேன், அதற்கு முன்னால் வில்லாபுரத்தில் பார்லர் வைத்திருந்தேன். வெண்புள்ளி, தீத்தழும்பு, கீமோவில் கொட்டிப்போன புருவம், மார்பக அறுவைக்குப் பிறகு காம்பு வட்டம் வரைவது, இவைதான் அன்றாட வேலை. இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்கள் கேளுங்கள்.

திருமங்கலம், பார்லர் வைத்திருப்பவர்: அக்கா, த்ரெடிங், ஃபேஷியல் எல்லாம் 6 வருடப் பழக்கம். புருவத்தில் முடி மாதிரி மெல்லிய கோடு கீறி நிறம் வைக்கிற மைக்ரோபிளேடிங், அதில் 3 நாள் கோர்ஸ் முடித்தால் க்ளினிக்கில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்கிற இடமும் இருக்கும், அங்கே நீ சேராதே தங்கச்சி. 3 நாளில் நூல் வைத்துப் புருவம் அளக்கப் பழகலாம், வடிவம் வரையப் பழகலாம், அவ்வளவுதான். ஊசி எந்த ஆழத்தில் நிற்கிறது என்று கைக்குத் தெரிய மாதக்கணக்கில் ஆகும். புருவத்தில் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கம், கண்ணிமையில் அதைவிட ரொம்பக் குறைவு. மேலோடு நின்றால் இரண்டு வாரத்தில் பொருக்கோடு சேர்ந்து நிறமும் உதிர்ந்துவிடும், ஆழம் போனால் நீலம் பாய்ந்து பரவி, நம்மூர் மாநிறத்தில் சாம்பல் பூசின மாதிரி நிற்கும். நான் பூவன்பழத் தோலில் ஆரம்பித்தேன். தோலில் கோடு விழ வேண்டும், உரித்துப் பார்த்தால் பழத்தில் கறை இருக்கக்கூடாது. அப்புறம் பயிற்சிக்கென்று விற்கிற லேடெக்ஸ் ரப்பர் தோல். அப்புறம் ஆறு மாதம் சீனியர் பக்கத்தில் நின்று தோலை இழுத்துப் பிடிக்கிற வேலை மட்டும். அதைச் சாதாரணமாக நினைக்காதே, தோல் தளர்ந்திருந்தால் ஊசி துள்ளும், கோடு பிசிறடிக்கும்.

கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடு, அது ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்குகிற கிருமி. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று.

உசிலம்பட்டி, செவிலியர்: நர்சிங் படித்தவர்களுக்கு இதில் என்ன வசதி? எதை முதலில் கற்க வேண்டும்?

மற்றவர்களுக்கு நான் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுப்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஊசி வெள்ளை டப்பாவுக்கு, கையுறை சிவப்புப் பைக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு. 2016 மருத்துவக் கழிவு விதிகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். கேஸ் ஷீட் எழுதத் தெரியும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா, தழும்பு தடித்து வளர்கிற உடம்பா, உதட்டில் அக்கி வந்ததுண்டா, முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் எடுத்தாரா, கர்ப்பமா, இதெல்லாம் கேட்க உங்களுக்குக் கூச்சம் இருக்காது. இந்தத் தொழிலில் யாருக்குக் குத்தக்கூடாது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் எனக்கு அதிக வருடம் பிடித்தது. உதட்டு அக்கி வந்தவருக்கு டாக்டர் முன்கூட்டியே மாத்திரை கொடுக்காமல் உதட்டில் ஊசி வைத்தால் உதடு முழுக்கக் கொப்பளம் கிளம்பிவிடும், ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

நீங்கள் புதிதாகப் படிக்க வேண்டியது நிறம். பெரும்பாலான பிக்மென்ட் இரும்பு ஆக்ஸைடு, கார்பன் வகை. மாநிறத் தோலுக்குள் போனபிறகு எல்லா நிறமும் குப்பியில் தெரிந்ததைவிட நீலம், சாம்பல் பக்கம் சாய்ந்துதான் தெரியும். வெறும் கறுப்பை வைத்தால் நீலமாகும், அதனால் ஆரஞ்சு கலந்த பழுப்பு சேர்ப்போம். தினமும் காகிதத்தில் பத்துப் புருவம் வரையுங்கள், முடி ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணாடியில் உங்கள் புருவத்தையே பாருங்கள்.

மேலூர்: தங்கைக்கு உதட்டில் வெண்புள்ளி, ஆவணியில் கல்யாணம். நானே வீடியோ பார்த்துக் கற்று அவளுக்குச் செய்யலாமா?

வேண்டாம் தம்பி. முதலில் அது நின்றுவிட்டதா, இன்னும் பரவுகிறதா என்று தோல் டாக்டர் பார்க்க வேண்டும். ஒரு வருடமாவது புதுப்புள்ளி வராமல், இருப்பது பெரிதாகாமல் இருந்தால்தான் ஊசியை எடுப்போம். பரவுகிற நிலையில் தோலைக் காயப்படுத்தினால் காயம்பட்ட இடத்திலேயே புதுப்புள்ளி வரும், கோப்னர் விளைவு என்பார்கள். உதட்டிலும் விரல் நுனியிலும் முடிவேர் கிடையாது. நிறம் திரும்புவது பெரும்பாலும் முடிவேரிலிருந்துதான், அதனால் அங்கே மருந்துக்கு அவ்வளவாகப் பலன் தெரியாது. எங்கள் வேலை அந்த இடத்தில்தான் உதவும். ஆனால் ஒரே தடவையில் முடியாது, வருடங்கள் போகப் போக மங்கும். கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, அங்கே தோல் பிரிவில் காட்டுங்கள். இது ஒட்டாது என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள், வெண்குஷ்டம் என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்ல விடாதீர்கள்.

தெற்குவாசல், டாட்டூ போடுபவர்: அக்கா, ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். எங்கள் அப்பத்தா கை நிறையப் பச்சை. ஊருக்கு வருகிற அம்மா ஒரே ஊசியால் தெருவுக்கே குத்திவிட்டுப் போவார். கையுறை இல்லை, நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவ் இல்லை. யாருக்கு என்ன ஆனது?

தம்பி, என் அம்மாச்சி கையிலும் உண்டு, கோலமும் தேளும். மஞ்சளும் அகத்தி இலையும் அரைத்துத் துணியில் தடவி, திரியாக்கி விளக்கில் எரித்து, சட்டியில் படிகிற கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்துவார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கைநேர்த்தியை நான் கும்பிடுகிறேன். ஆனால் யாருக்கு என்ன ஆனது என்று அப்போது யார் கணக்கு எடுத்தார்கள்? ஹெபடைடிஸ் பி கிருமி கண்டுபிடித்ததே 1960களில், சி கிருமி 1989. மஞ்சள்காமாலை வந்து செத்தவரைக் காமாலையில் போனார் என்றார்கள், பத்து வருடத்துக்கு முன்னால் குத்திய பச்சையை யார் நினைத்தார்கள்?

அதே தம்பி: அப்போது எய்ட்ஸ் இல்லையே அக்கா.

அதைத்தான் நானும் சொல்கிறேன். இந்தியாவில் எச்ஐவி முதலில் தெரியவந்தது 1986இல், நம் சென்னையில். உன் அப்பத்தாவுக்குக் குத்தியபோது இல்லாத கிருமி இன்று உன் நாற்காலியில் உட்காருகிறவர் உடம்பில் இருக்கலாம், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

சிம்மக்கல், லேப் டெக்னீஷியன்: குறுக்கே வருகிறேன். ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்.

நல்லவேளை சொன்னீர்கள். மெஷினில் மாட்டுகிற ஊசிக்கூடுதான் கார்ட்ரிட்ஜ், அதன் உள்ளே சின்னச் சவ்வு ஒன்று இருக்கும், ரத்தமும் நிறமும் பின்னால் மெஷினுக்குள் போகாமல் அது தடுக்கும். மலிவு கார்ட்ரிட்ஜில் அது இருக்காது. அப்போது நீ புது ஊசி மாட்டினாலும் பழைய ஆளின் ரத்தம் மெஷினுக்குள் இருக்கும். ஒன்றை வெட்டிப் பார் தம்பி, சவ்வு இருந்தால் வாங்கு. நிறக்கிண்ணமும் ஒரு ஆளுக்கு ஒன்றுதான், மிச்சத்தைக் குப்பியில் திரும்ப ஊற்றக்கூடாது.

தெற்குவாசல் தம்பி: வெட்டிப் பார்த்தேன் அக்கா. என்னிடம் இருந்ததில் சவ்வு இல்லை.

அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடு, மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் போட்டாயா? போடவில்லை என்றால் நாளைக்கே போ.

அண்ணாநகர்: மரத்துப்போகிற க்ரீம் ஆன்லைனில் கிடைக்கிறதே, நாமே வாங்கிப் பூசலாமா?

என்ன மருந்து எத்தனை சதவீதம் என்று எழுதாத க்ரீமைத் தொடவே வேண்டாம். இந்த க்ரீம்களில் இருக்கிற மரப்பு மருந்தான லிடோகெயின் அதிகமாக உறிஞ்சப்பட்டால் வலிப்பு வரும், இதயத்துடிப்பு தடுமாறும். எந்த க்ரீம், எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும். மரப்பு ஊசியை டாக்டர்தான் போட வேண்டும்.

திண்டுக்கல்: எத்தனை நாள் கோர்ஸ் அக்கா?

திருமங்கலம் தங்கச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தேனி: 2 நாள் கோர்ஸ் ஒன்று ஆஃபரில் இருக்கிறது, சேரலாமா?

சேராதீர்கள்.

விளாங்குடி: பிடிக்கவில்லை என்றால் லேசரில் எடுத்துவிடலாம்தானே?

அப்படி நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். இரும்பு ஆக்ஸைடோ டைட்டானியம் டை ஆக்ஸைடோ இருந்தால் லேசர் பட்டதும் சில சமயம் கறுத்துவிடும், உதட்டு ரோஸ் கரியாகிப் போகும். எம்ஆர்ஐ எடுக்கப் போகிறவரிடமும், உடம்பில் பிக்மென்ட் இருக்கிறது என்று ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள், அபூர்வமாக அந்த இடத்தில் எரிச்சல் வரும்.

தல்லாகுளம்: சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் புருவம் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள், என்ன சொல்வது?

இரண்டு வாரமாவது முன்னால் வரச் சொல்லுங்கள். காயம் ஆறும் முன் வெயில், வியர்வை, அழகர் ஆற்றில் இறங்கும்போது பீய்ச்சுகிற தண்ணீர், எதுவும் படக்கூடாது. மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவ வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள், வீட்டுக்குப் போனதும் பெரியவர்கள் தடவிவிடுவார்கள்.

திருப்பரங்குன்றம்: சம்பளம்?

க்ளினிக்குக்கு க்ளினிக் மாறும். முதல் வருடம் உதவியாளர் சம்பளம்தான், வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்.

வாடிப்பட்டி: எத்தனை நாள் கோர்ஸ்?

மேலே பாருங்கள் அம்மா, இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

கே.கே. நகர்: மார்பக அறுவைக்குப் பிறகு வரைவது பற்றிச் சொல்லவே இல்லையே. அதற்கு என்ன பயிற்சி வேண்டும்?

இதற்காகத்தான் காத்திருந்தேன். முதலில் அறுவை செய்த டாக்டர் எழுத்தில் அனுமதி தர வேண்டும், தழும்பு நன்றாக ஆறியிருக்க வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். கதிர்வீச்சு பட்ட தோல் மெலிந்து இறுகிப்போயிருக்கும், நிறத்தை ஒரே மாதிரி வாங்காது, அதனால் கையை இன்னும் லேசாக வைத்து இரண்டு மூன்று தடவையாகச் செய்ய வேண்டும். அந்த இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வலிக்கவில்லை என்று அவர் சொல்வதை வைத்து ஆழத்தை முடிவு செய்யாதீர்கள், ரத்தப்புள்ளி எழுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

இன்னொரு மார்பு இருந்தால் அதைப் பார்த்துத்தான் நிறம் எடுப்போம். வட்டத்தின் ஓரத்தைக் காம்பஸ் வைத்த மாதிரி வரையக்கூடாது, மெல்லக் கரைந்துபோக வேண்டும். உள்ளே சின்னச் சின்ன மேடுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வெளிச்சம், கீழே கொஞ்சம் நிழல். அப்போதுதான் தட்டையான தோலில் காம்பு எழும்பி நிற்கிற மாதிரி தெரியும்.

எனக்கு முதன்முதலில் வந்த அம்மா வரைந்து முடிக்கும் வரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியே படுத்திருந்தார். கண்ணாடியைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார், மேடு இருக்கிறதா என்று. இல்லை, வழவழவென்று இருந்தது. மறுபடி தொட்டுப் பார்த்தார். அப்புறம் சேலையைச் சரிசெய்துகொண்டு, வெளியே உட்கார்ந்திருந்த மகளைக் கூப்பிடச் சொன்னார்.

நிறத்தை டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலை பத்து மணிக்கு வரச் சொல்லி, மெல்லிய திரைச்சீலையை மட்டும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்காரவைத்துப் பாருங்கள்.