பழைய சேணமா, பளபளக்கும் புதுச் சேணமா?

வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண்குதிரை ஒன்றை மகளுக்காக வாங்கினோம். மகளுக்குப் 14 வயது. சேணத்துக்கு 70,000 ரூபாவுக்கு மேல் ஒதுக்க முடியாது. கடிவாளம், அங்கவடி எல்லாம் சேர்த்துப் புதுச் சேணம் ஒன்றை ஒன்லைனில் மலிவாக விற்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கும் தம்பியோ, அங்கே பாவித்த சேணம் நல்லதாகக் கிடைக்கும், பெட்டி போடும்போது சேர்த்து அனுப்புகிறேன் என்கிறான். எதை எடுப்பது?”

பாவித்ததையே எடுக்கத் தம்பியிடம் சொல்லுங்கள். ஆனால் அவர் கடைக்குப் போவதற்கு முன் நீங்கள் லாயத்துக்குப் போக வேண்டும்.

நம் ஊரில் சவாரி என்றால் மாட்டுவண்டிச் சவாரிதான் முதலில் நினைவுக்கு வரும். நுகம் பொருந்தாத மாட்டின் கழுத்து எப்படிக் கன்றிப்போகும் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கண்ணுக்குத் தெரியும். சேணம் பொருந்தாத குதிரையில் அவ்வளவு சுலபமாகத் தெரியாது. சேணத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போதே காதைப் பின்னுக்கு மடிக்கும், வயிற்றுப் பட்டியை இறுக்கும்போது கடிக்க வரும். “திமிர் பிடித்த குதிரை” என்று நாம் அதன்மேல் பழியைப் போட்டுவிடுவோம். நாட்பட்ட அழுத்தம் என்றால் அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். உங்கள் குதிரையின் முதுகில் அப்படித் திட்டுகள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

பந்தயக் குதிரைகளுக்குப் பெரும்பாலும் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து மேடு உயரமாக, கத்தி முனைபோல் இருக்கும். நெடுந்தீவுக் கட்டைக் குதிரைகளின் உருண்ட முதுகு வேறு வகை. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தாது. ஒன்லைன் விற்பனையாளர் “எல்லாக் குதிரைக்கும் பொருந்தும்” என்று போட்டிருந்தால், அந்த ஒரு வரியே அதை வாங்காமல் விடப் போதும்.

அளவெடுக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். மின்வேலை செய்பவரிடம் தடித்த வயர் இரண்டு முழம் கேட்டு வாங்குங்கள். குதிரையைச் சமதரையில் நிறுத்தி, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிப் பிடித்து, அதற்கு இரண்டு விரல் பின்னால் வயரை முதுகின் குறுக்கே வளைத்து அழுத்துங்கள். வடிவம் கலையாமல் எடுத்துக் கடதாசியில் வைத்துக் கோடு கீறுங்கள். அப்புறம் அதே தோள்பட்டை விளிம்பிலிருந்து கடைசி விலா எலும்பு முதுகைச் சேரும் இடம்வரை நீளத்தையும் அளந்து எழுதுங்கள். சேணத்தின் பாரம் அந்த எல்லையைத் தாண்டிப் பின்னுக்குப் போகக் கூடாது. கடதாசிக்குப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினால், அவர் அதே அளவில் மட்டையை வெட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம். மட்டை சேணத்தின் முன்வளைவுக்குள் ஒழுங்காக உட்கார்ந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

இனி முக்கியமான விஷயம். சேணத்துக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. முன்பு பெரும்பாலும் மரத்தால் செய்தார்கள், இப்போது மரமும் உருக்கும் சேர்ந்து வரும், பிளாஸ்டிக்கிலும் வரும். தோல் எவ்வளவு வடிவாக இருந்தாலும் சட்டம் உடைந்திருந்தால் அது சேணமே அல்ல. தொடக்க காலத்தில் நானும் ஏமாந்தேன். எண்ணெய் போட்டு மினுக்கிய சேணம், விலையும் குறைவு. வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்பக்கத்தை வயிற்றோடு அணைத்து, பின்மேட்டை இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்தேன். இருக்கையின் நடுவில் தோல் சுருங்கி மடிந்தது, உள்ளே பழைய கதவு மாதிரிக் கிறீச்சென்று ஒரு சத்தம். அந்தச் சோதனையை விற்றவரின் முற்றத்திலேயே செய்திருக்க வேண்டும். நல்ல சட்டம் கொஞ்சம் வளைந்து, விட்டதும் திரும்பி வரும். முன்வளைவின் இரண்டு நுனிகளையும் பிடித்து உள்ளுக்கும் வெளியிலும் அழுத்தும்போது துளியும் அசையக் கூடாது. தம்பியை இதைச் செய்யச் சொல்லி, சத்தம் கேட்கிற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிறகு கவிழ்த்துப் பார்க்கட்டும். அடிமெத்தை இரண்டு பக்கமும் ஒரே அளவாக, கட்டியில்லாமல் இருக்க வேண்டும். நடுவில் ஓடும் கால்வாய் முன்னிருந்து பின்வரை மூன்று விரலாவது நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும், முதுகெலும்பு அதற்குள்தான் இருக்கும். கம்பளி அடைத்த மெத்தை என்றால் பிறகு கூட்டிக் குறைக்கலாம்.

தோலில் கீறல், நிறம் மங்கல், இதெல்லாம் விலையைக் குறைக்க உதவும் குறைகள், சந்தோஷமாக வாங்கலாம். மடித்தால் வெடிக்கும் தோல்தான் வேண்டாம். வயிற்றுப் பட்டி கொளுவும் வார்களின் ஓட்டைகள் நீண்டு கிழியத் தொடங்கியிருந்தால், தோல்வேலை தெரிந்தவரிடம் மாற்றிக்கொள்ளலாம். வார் தைத்திருக்கும் நாடா உக்கியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கவடி வார் மட்டும் பழையது வேண்டவே வேண்டாம், புதிதாக வாங்குங்கள். அங்கவடி கறள் பிடிக்காத உருக்காக, மகளின் சப்பாத்தைவிட ஒரு அங்குலம் அகலமாக இருக்கட்டும். குறுகினாலும் கால் சிக்கும், மிக அகன்றாலும் கால் முழுதாக உள்ளே போய்ச் சிக்கும்.

தோல்தான் வேண்டும் என்றில்லை. விண்டெக் போன்ற செயற்கைச் சேணங்களில் முன்வளைவு இரும்பைக் கழற்றி வேறு அகலத்துக்கு மாற்றலாம். ஓய்ந்த பந்தயக் குதிரை தீனி சேரச் சேர உடம்பு போடும், அப்போது இந்த வசதி கைகொடுக்கும். மாரியில் பூஞ்சணம் பிடித்தாலும் கழுவிவிடலாம். உங்கள் நிலையில் நான் என்றால் இதில் பாவித்த ஒன்றைத்தான் முதலில் தேடுவேன். தோற்சேணம் வந்தால் அலுமாரிக்குள் பூட்டாமல், காற்றுப் படும் இடத்தில் பீப்பாவின்மேல் சாக்கு விரித்து வையுங்கள். எண்ணெயை ஊற்றி ஊறவைக்காதீர்கள், தையல் நூல் உக்கிவிடும்.

சேணம் வந்ததும் விரிப்பு எதுவும் இல்லாமல் முதுகில் வைத்து, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். நடுவில் இடைவெளி விட்டு முன்னும் பின்னும் மட்டும் தொட்டால் சரிவராது. தடித்த விரிப்புப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். இறுக்கமான சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போடுவது போன்றது அது. மகள் ஏறி இருக்கும்போது, குதிரையின் முதுகு தொடங்கும் மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் போகவேண்டும். மெல்லிய விரிப்போடு அரைமணி நேரம் ஓட்டிவிட்டுச் சேணத்தை இறக்குங்கள். நம் வெயிலுக்கு முதுகு நன்றாக வியர்த்திருக்கும். நடுக்கோடு காய்ந்திருப்பது சரி. மெத்தை பட்ட ஈரத்துக்கு நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால், மறுநாள் ஏறாமல் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். குதிரை முதுகைக் கீழே பதித்தால் அந்தச் சேணத்தை இனி வைக்காதீர்கள்.