கேள்வி-பதில்: குளிர்கால நகரத்தில் பேக்கரி பேக்கரியாக ருசி பார்க்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: குளிர் மாதத்தில் ஒரு நகரத்துக்குப் போகிறோம், நாங்கள் நாலு பேர். ஒரு நாள் முழுக்க பேக்கரிகளையும் காபிக் கடைகளையும் சுற்றி ருசி பார்க்க ஆசை. போன முறை முதல் கடையிலேயே வயிறு நிறைந்துவிட்டது. அடுத்தடுத்து வாங்கியதெல்லாம் பையில் கிடந்து நமுத்துப் போயிற்று. இந்த முறை எப்படிப் போவது?

பதில்: எந்தக் கடை பிரபலம் என்று தேடுவதற்கு முன்னால் எந்தப் பண்டத்தை எந்த நேரத்தில் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். காலை எட்டு மணிக்கு விற்கும் குரோசானும் மாலை நாலு மணிக்கு அதே தட்டில் மிஞ்சியிருக்கும் குரோசானும் ஒரே விலைதான். ஆனால் வாயில் வைத்தால் இரண்டும் வேறு வேறு பண்டம். அதனால் கடைக்குள் போனதும் "எது நல்லா இருக்கும்?" என்று கேட்காதீர்கள். "இது அடுப்பிலிருந்து எப்போது எடுத்தது?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

குரோசான், டேனிஷ், பஃப் போன்ற அடுக்கு மாவுப் பண்டங்களுக்குக் காலை நேரத்தை ஒதுக்குங்கள். இவற்றின் மேல் ஓடு நன்றாகக் காய்ந்து, உள்ளே மட்டும் ஈரம் இருக்கும். நேரம் போகப் போக உள்ளே இருக்கும் ஈரம் ஓட்டுக்கு ஏறிவிடும், மொறுமொறுப்பு போய்விடும். அதற்காக அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு வாங்கவும் வேண்டாம். அப்போது உள்பகுதி பிசுபிசுவென்று இருக்கும். அரை மணி நேரமாவது ஆறினால்தான் உள்ளே பதம் கூடும். அரை மணியிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் வரை நல்ல நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சூடான குரோசானைக் காகிதப் பையில் போட்டு வாயை மடித்துக்கொண்டு தெருவில் நடந்தால், முதலில் அதன் ஆவியே ஓட்டை நனைத்துவிடும். பிறகு வெளிக்குளிரில் உள்ளே இருக்கும் வெண்ணெய் இறுகிவிடும். பத்து நிமிடம் கழித்துக் கடித்தால் மேலே சவசவ, உள்ளே விறைப்பு. கடையை நிச்சயம் குறை சொல்வீர்கள், ஆனால் தப்பு கடையுடையது அல்ல. வாங்கிய இடத்திலேயே நின்றாவது சாப்பிடுங்கள். பையில் எடுத்துப் போயே ஆக வேண்டுமென்றால் பையின் வாயைத் திறந்தே வையுங்கள்.

கிரீம், கஸ்டர்ட் நிரப்பிய எக்லேர் வகையை மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள். அவற்றில் கேட்க வேண்டியது, எப்போது நிரப்பினார்கள் என்பது. நிரப்பிச் சில மணி நேரம் ஆனாலே கூடு ஊறிவிடும். பழக் கேக், பிஸ்கட் போன்றவற்றுக்கு அவசரமே இல்லை. கனமான பழக் கேக் ஒரு நாள் இருந்தால் இன்னும் நன்றாகத்தான் இருக்கும். ஆகவே அவை மாலைக்கு, அல்லது ஊருக்குக் கொண்டுபோக.

அளவு விஷயம். நாலு பேருக்கு ஒரு கடையில் இரண்டு உருப்படி போதும். ஒன்று எதுவும் நிரப்பாத வெறும் குரோசான், மற்றொன்று அந்தக் கடையின் தனிச்சிறப்பு எதுவோ அது. ரம்பப் பல் கத்தியால் நாலாக வெட்டித் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வெறும் குரோசானைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் மாவு, வெண்ணெய், கைப்பக்குவம் தவிர ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஒவ்வொரு கடையிலும் அதே ஒன்றைச் சாப்பிட்டால்தான் ஒப்பிடவே முடியும். ஒரு நாளைக்கு நாலு கடைக்கு மேல் போனால் நாக்கு மரத்துவிடும். இடையில் வெறும் தண்ணீர் குடியுங்கள்.

குளிரிலிருந்து உள்ளே வந்த உடனே சாப்பிடாதீர்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, வாயின் பின்புறமாக மூக்குக்குப் போகும் மணம். மூக்கு அடைத்திருந்தால் எவ்வளவு நல்ல பண்டமும் இனிப்பு, உப்பு என்ற அளவில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: எல்லாக் கடையிலும் "பட்டர் குரோசான்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். உண்மையிலேயே வெண்ணெயா, மார்ஜரினா என்று வாடிக்கையாளர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நீங்கள் கேட்டது நியாயமான சந்தேகம். வெண்ணெய் விலை அதிகம், வேலை வாங்கும். பெரும்பாலும் தாவர எண்ணெயில் செய்யும் வெண்ணெய் மாற்றான மார்ஜரின் மலிவு, சொன்னபடி கேட்கும். விலையை மட்டும் வெண்ணெய்க்கு வாங்கிவிட்டு மார்ஜரினைக் கொடுத்தால் அது ஏமாற்று.

வாயே நல்ல சோதனைக்கூடம். பால் கொழுப்பு கிட்டத்தட்ட 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். நம் உடல் சூடு 37 டிகிரி. அதனால் வெண்ணெய் வாயில் முழுசாகக் கரைந்து போகும், அடையாளமே இருக்காது. அடுக்கு மாவுக்கென்று தயாரிக்கும் மார்ஜரின் வகைகளில் பல 40 டிகிரிக்கு மேல்தான் முழுதாக உருகும். விழுங்கிய பிறகும் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒரு படலம் நிற்கும். ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடித்து, நாக்கால் மேலண்ணத்தைத் தடவிப் பாருங்கள், தெரிந்துவிடும். குளிர்காலத்தில் பண்டமே ஆறிப்போய் வருவதால் இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

நிறத்தை நம்பாதீர்கள். மஞ்சள் நிறம், மார்ஜரினில் சேர்க்கும் கரோட்டின் என்ற நிறமியிலிருந்தும் வரலாம். மணத்தை நம்பலாம், ஆனால் அடிப்பாகத்தை முகர்ந்து பாருங்கள். தட்டில் பட்டு வெந்த வெண்ணெய்க்கு வறுத்த பருப்பு வாசனை இருக்கும். அங்கே சிக்கு வாடை அடித்தால் வெண்ணெயாகவே இருந்தாலும் வேண்டாம், பழைய சரக்கு.

வெட்டிய பிறகு உள்ளே பாருங்கள். மாவிலும் வெண்ணெயிலும் உள்ள தண்ணீர் அடுப்புச் சூட்டில் ஆவியாகி அடுக்குகளைத் தூக்குகிறது. வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும், தண்ணீர் 16 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தரம். அந்தக் கொஞ்சத் தண்ணீருக்கும் இதில் வேலை உண்டு. எல்லாம் சரியாக நடந்திருந்தால் உள்ளே பெரிதும் சிறிதுமாகக் கண்ணறைகள், இடையில் மெல்லிய சுவர்கள் தெரியும். அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் ஈரமாக, அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை இருந்தால் வேகவில்லை என்று அர்த்தம். அடி மட்டும் எண்ணெயில் பொரித்தது மாதிரி இருந்தால், மாவு பொங்க வைத்த இடம் சூடாகி, சுடுவதற்கு முன்பே வெண்ணெய் உருகி வழிந்திருக்கிறது. இந்த இரண்டுமே கடையின் குறை. தயங்காமல் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

பலகையில் "வெண்ணெய்ச் சுவை" என்றிருந்தால் அது வெண்ணெய் அல்ல. "இங்கேயே சுட்டது" என்றால் இங்கேயே பிசைந்தது என்றும் பொருள் இல்லை. வேறு எங்கோ செய்து உறைய வைத்த மாவை வாங்கி, கடை அடுப்பில் சுட்டுத் தருவது எங்கும் நடக்கிறது. அதில் குற்றமில்லை, நன்றாகவும் இருக்கும். ஆனால் கைவேலை என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிற இடத்தில் "மாவு இங்கே பிசைகிறீர்களா, இங்கே சுடுவது மட்டுமா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: பாதாம் குரோசான் எல்லாம் முந்தின நாள் மிஞ்சியதை வைத்துச் செய்வது என்கிறார்கள். அதற்கு வெறும் குரோசானை விட அதிக விலை வேறு. இது மோசடி இல்லையா?

பதில்: இல்லை. அந்தப் பண்டம் உருவானதே அப்படித்தான். முந்தின நாள் குரோசானைப் பிளந்து, சர்க்கரைப் பாகில் நனைத்து, பாதாம் கிரீம் தடவி மறுபடி சுடுவார்கள். புதிய குரோசானை இப்படி நனைத்தால் தொளதொளத்துவிடும், கொஞ்சம் காய்ந்ததுதான் பாகைத் தாங்கும். பாதாம், வெண்ணெய், முட்டை, இரண்டாவது முறை அடுப்பு எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை. நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே கிரீம் எவ்வளவு இருக்கிறது என்பதை. மேலே நாலு பாதாம் சீவலைத் தூவி, உள்ளே வெறும் பாகாக இருந்தால் அங்கே மறுபடி வாங்காதீர்கள். மதியத்துக்கு மேல் போகிறவர்களுக்கு என் சிபாரிசே இதுதான், ஏனென்றால் வெறும் குரோசான் அளவுக்கு இது நேரத்தால் கெடாது.

பிஸ்தா கிரீம் என்று அடர்பச்சையில் மின்னுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிஸ்தாவை அரைத்தால் மங்கிய, கொஞ்சம் பழுப்பு ஓடிய பச்சைதான் வரும். பளீரென்ற பச்சையாக இருந்தால் நிறம் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். டப்பாவாக வாங்கினால் பொருள் பட்டியலைப் படியுங்கள். எடையில் அதிகமானது முதலில் வரும்படிதான் பெரும்பாலான நாடுகளில் எழுத வேண்டும். சர்க்கரையும் எண்ணெயும் முன்னால் நின்று பிஸ்தா கடைசியில் வந்தால் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஹாட் சாக்லேட் ஒரு கடையில் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டி, இன்னொன்றில் தண்ணீர். விலை ஒன்றுதான். எது அசல்?

பதில்: கெட்டியாக இருப்பது மட்டும் அசலுக்கு அடையாளம் இல்லை. சோள மாவு கலந்தாலும் கெட்டியாகும். மூன்று விதமாகச் செய்கிறார்கள். சாக்லேட்டையே பாலில் உருக்குவது ஒன்று. இதில் கோகோ வெண்ணெய், அதாவது கோகோ கொட்டையின் கொழுப்பு, முழுதாக இருப்பதால் வழவழப்பும் கனமும் வரும். கோகோ பொடியைப் பாலில் கரைப்பது இரண்டாவது. கோகோவைப் பிழிந்து கொழுப்பைப் பெருமளவு எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுவதுதான் பொடி. 1828-ல் வான் ஹூட்டன் குடும்பத்தார் நெதர்லாந்தில் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். இது இலகுவாக இருக்கும், ஆனால் நல்ல பொடியாக இருந்தால் சாக்லேட் மணத்துக்குக் குறைவிருக்காது. மூன்றாவது கலவைப் பொடி. இதில் பெரும்பாலும் முதலிடத்தில் இருப்பது சர்க்கரை. கடைசி வகைக்கு முதல் வகையின் விலையைக் கொடுக்காதீர்கள். "சாக்லேட் உருக்குகிறீர்களா, பொடியா?" என்று ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சோள மாவு கலந்ததா என்று பார்க்க, கொஞ்சம் ஆறவிட்டுக் கரண்டியால் கிளறுங்கள். கஞ்சி மாதிரி திரண்டு கொழகொழவென்று வந்தால் மாவு. சாக்லேட்டும் ஆறினால் இறுகும், ஆனால் நாக்கில் பட்டதும் கரையும்.

இனிப்பான பேஸ்ட்ரியோடு ஹாட் சாக்லேட் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்று மற்றொன்றின் ருசியைக் கெடுத்துவிடும். பேஸ்ட்ரியோடு சர்க்கரை போடாத காபியோ டீயோ குடியுங்கள். ஹாட் சாக்லேட்டைத் தனியாக, நடந்து களைத்த மாலையில் குடித்துப் பாருங்கள்.

கேள்வி: குளிருக்கு இதமாக இருக்கும் என்று "நல்லா சூடா" கேட்டு வாங்குகிறேன். ஒவ்வொரு முறையும் நாக்கு வெந்துவிடுகிறது. கடைக்குக் கடை காபி குடிப்பதும் உடம்புக்கு ஆகுமா?

பதில்: கூடுதல் சூடு கேட்காதீர்கள். பாலை 60, 65 டிகிரியில் நிறுத்தினால் இயல்பான இனிப்பு தெரியும், 70-ஐத் தாண்டினால் காய்ச்சிய வாடை வந்துவிடும். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் வகைப்படுத்தியது. பீங்கான் கோப்பையில் கேட்டு வாங்கி, உள்ளே உட்கார்ந்து குடித்தால் சூடு மெதுவாகத்தான் ஆறும். காகிதக் கோப்பைதான் கிடைத்தது என்றால் மூடியை எடுத்துவிடுங்கள், மணம் உங்களுக்கு வர வேண்டும் அல்லவா.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை பாதுகாப்பு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு அதில் பாதி. சின்ன எஸ்பிரெஸோ ஒன்றில் சுமார் 60 முதல் 80 மில்லிகிராம் வரும், பெரிய கோப்பையில் அதற்கும் மேல். நாலு கடை, நாலு இரட்டை எஸ்பிரெஸோ என்றால் வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். இரண்டு காபிக்குப் பிறகு காஃபீன் நீக்கியதற்கோ மூலிகை டீக்கோ மாறுங்கள்.

கேள்வி: வெளியே பூஜ்ஜியம் டிகிரி. கிரீம் பேஸ்ட்ரியைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினால் கெடாதுதானே? மிஞ்சிய குரோசானை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

பதில்: தெருவில் பூஜ்ஜியமாக இருக்கலாம், நீங்கள் ஏறும் பஸ்ஸிலும் நுழையும் கடையிலும் ஹீட்டர் ஓடுகிறது. கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரிக்குள். பால், முட்டை சேர்ந்த கிரீம் அந்தச் சூட்டில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். கிரீம் பண்டத்தைத் திரும்பும் வழியில் கடைசியாக வாங்குவதே நல்லது.

குரோசானுக்கு ஃபிரிட்ஜ் ஆகாது. மாவுச்சத்து இறுகி வறட்டுத்தன்மை வருவது ஃபிரிட்ஜ் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். மறுநாள் காலை சாப்பிடுவதென்றால் வெளியிலேயே மூடி வையுங்கள், அதற்கு மேல் என்றால் ஃபிரீசர். சாப்பிடும்போது 160 டிகிரி ஓவனில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் ஓடு மறுபடி மொறுமொறுப்பாகும். மைக்ரோவேவில் வைத்தால் முதலில் நமுத்து, பிறகு இழுவையாகிவிடும்.

கேள்வி: பலகையில் ஒரு விலை, உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு பில்லில் வேறு விலை. கேட்டால் "உட்கார்ந்தால் அப்படித்தான்" என்கிறார்கள். சரியா?

பதில்: பல நாடுகளில் பார்சலுக்கும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் வரி விகிதமே வேறு. சில கடைகளில் மேஜைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. அதனால் விலை வித்தியாசம் தன்னளவில் தப்பில்லை. சாப்பிடுவதற்கு முன்பே வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அதை எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. எங்குமே எழுதவில்லை என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே பொறுமையாகக் கேளுங்கள், பலகையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பில் இல்லாமல் வெளியே வராதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கு முந்திரி, பாதாம் ஒத்துக்கொள்ளாது. பேக்கரிப் பண்டங்களில் லேபிளே இல்லையே, என்ன செய்வது?

பதில்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2014 டிசம்பரிலிருந்து, பொட்டலம் போடாமல் விற்கும் உணவுக்கும் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலைக் கடை தந்தாக வேண்டும். பல கடைகளில் கேட்டால் எழுதிய பட்டியலைக் காட்டுவார்கள். மற்ற இடங்களில் விதி வேறுபடும். எங்கே போனாலும் "இதில் பாதாம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அதே கத்தி, அதே தட்டு, அதே இடுக்கியில் பாதாம் பண்டத்தைத் தொடுகிறார்களா என்றும் கேளுங்கள். ஒரே கண்ணாடி அலமாரியில் பாதாம் சீவல் உதிரும் குரோசானுக்குப் பக்கத்தில் வெறும் குரோசான் இருந்தால் அதை மகளுக்கு வாங்க வேண்டாம். ஆலையில் பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டியதை வாங்கிக் கொடுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து கைப்பையிலேயே இருக்கட்டும், ஹோட்டல் அறைப் பெட்டியில் வேண்டாம்.