தலையணைக்கு அடியில் இருந்த மாத்திரை அட்டை

மதிப்பிற்குரிய ஐயா,

என் அம்மா புற்றுநோயால் இரண்டு ஆண்டுகள் துன்பப்பட்டுக் கடந்த ஆண்டு காலமானார். நாங்கள் மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர்கள். நோய் முற்றிய பிறகு, சுகமளிக்கும் கூட்டங்கள் நடத்தும் ஓர் ஊழியரை அப்பா வீட்டுக்கு அழைத்துவந்தார். அவர் எண்ணெய் பூசி ஜெபித்து, “குணமாகிவிட்டேன் என்று வாயினால் அறிக்கையிடுங்கள், சந்தேகத்துக்கு இடம் கொடாதிருங்கள்” என்றார். அதன்பிறகு ஜெபக்குழுவினர் வரும்போதெல்லாம் அம்மா, வலிக்காகக் கொடுத்திருந்த மார்ஃபின் மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவார். அடக்க ஆராதனைக்கு வந்த அதே ஊழியர், “இந்த வீட்டில் யாரோ ஒருவருக்கு விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது” என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஜெபத்தால் பயனில்லை என்று அமெரிக்காவில் ஆய்வு செய்தே நிரூபித்துவிட்டார்கள் என்கிறான் என் நண்பன். நீங்கள் அற்புதங்களை நம்புகிறீர்களா? இப்படிப்பட்ட கூட்டங்களைத் தடைசெய்ய வேண்டாமா? அடுத்த மாதம் அம்மாவின் முதலாண்டு நினைவு ஆராதனைக்கு அந்த ஊழியரையே அழைக்க வேண்டும் என்கிறார் அப்பா. அழைப்பதா, வேண்டாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்விகளை ஒருமுறைதான் வாசித்தேன். மாத்திரை அட்டையைப் பற்றிய வரியைப் பலமுறை வாசித்தேன். மரணப்படுக்கையில் இருக்கும் ஒரு பெண், வலி தாங்காமல் விழுங்கும் மாத்திரையைத் திருட்டுப்பொருளைப் போல ஒளித்துவைக்க வேண்டியிருந்தது என்றால், அந்த அறைக்குள் ஜெபம் என்ற பெயரில் வேறு ஏதோ நடந்திருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாகவே நினைத்திருந்தேன். அதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு.

அற்புதங்களை நம்புகிறேன். மருத்துவர்கள் கைவிட்ட ஒருவர் எழுந்து நடமாடியதைக் கண்ணால் கண்டவன் நான். அதை யாருக்கும் நிரூபிக்கும் உத்தேசம் எனக்கில்லை. தடை பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். மந்திரத்தாலும் தாயத்தாலும் புற்றுநோய் தீரும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்பதற்கு 1954லேயே மத்திய அரசு சட்டம் போட்டாயிற்று. சுவரொட்டிகள் குறைந்தனவா என்ன?

உங்கள் நண்பர் சொல்வது 2006இல் வெளியான ஆய்வாக இருக்க வேண்டும். ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவைசிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் இரு குழுக்களிடமும் ‘உங்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு குழுவுக்காக ஜெபித்தார்கள், மற்றதற்காக ஜெபிக்கவில்லை. இவ்விரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. சிகிச்சைக்குப் பிந்தைய சிக்கல்கள் முறையே 52 சதவீதம், 51 சதவீதம். நம்மவர்கள் இதைக் கேட்டதும் ‘கர்த்தரைச் சோதனை பார்க்கக்கூடாது’ என்று கையை உதறிவிடுவார்கள். சுகமானவர்களை மேடையில் வரிசையாக நிறுத்திக் கணக்குக் காட்டுகிறவர்கள், கணக்கு தமக்கு எதிராக வரும்போது மட்டும் கணக்கே கூடாது என்பது நேர்மையாகாது. சாட்சி நேரத்தில் ஒலிபெருக்கியைப் பிடிப்பவர்கள் எழுந்து நடந்தவர்கள்தாம். படுத்திருப்பவர்களின் கைக்கு அது எட்டுவதில்லை.

அந்த ஆய்வில் என்னை நிறுத்திய எண் வேறொன்று. ‘உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள்’ என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள்தாம் மூன்றாவது குழு. அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன. ‘இத்தனை பேர் கூடி ஜெபிக்கும் அளவுக்கா என் உடல்நிலை கெட்டுவிட்டது’ என்ற பயம் காரணமாயிருக்கலாம் என்று ஆய்வாளர்களே ஊகித்தார்கள். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கு உங்கள் அம்மாவின் தலையணைதான் நினைவுக்கு வருகிறது. தனக்காக ஜெபிக்க வந்தவர்கள் ஏமாந்துபோகக்கூடாதே என்ற பாரத்தையும் சேர்த்து அவர் சுமந்திருக்கிறார்.

இனி என் காரணத்தைச் சொல்கிறேன். 1979இல் எனக்கு இருபது வயது. வாலிபர் ஜெபக்குழுவின் செயலாளர். என் பெரியம்மாவுக்கு வயிற்றில் புற்றுநோய். எங்கள் ஊர் உபதேசியார் வந்திருந்தார். ஒலிவ எண்ணெய் தீர்ந்துபோயிருந்ததால், அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவரச் சொன்னார். அவர் நெற்றியில் பூசிய எண்ணெய் கொஞ்சம் அதிகமாகி, நெற்றிப்பொட்டு வழியாக இறங்கிப் பெரியம்மாவின் காதுக்குள் போயிற்று. நான் அவருடைய சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டேன். உபதேசியார் ஜெபித்துவிட்டுப் பேசாமல் எழுந்தார். நான் விடவில்லை. “பெரியம்மா, நீங்க முழு மனசோட விசுவாசிச்சா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடந்து வருவீங்க” என்றேன். பெரியம்மா வெகுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டுச் சொன்னார்: “மக்களே, விசுவாசிக்கதுக்கும் பெலன் வேணும்லா. எனக்குள்ள பங்கையும் சேத்து நீயே விசுவாசிச்சுக்கிடு.”

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு வேதம் வாசித்த பெரியம்மாவே இப்படி அவிசுவாசமாகப் பேசுகிறாரே என்று தோன்றியது. அதன்பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஒன்பதாவது நாள் சாவுச்செய்தி வந்தபோதுதான் போனேன்.

பெரியம்மா சொன்னது அவிசுவாசம் இல்லை, அது அப்பட்டமான வேதவசனம் என்று விளங்க எனக்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. எண்ணெய் பூசும்போதெல்லாம் நாம் வாசிக்கும் யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து மெதுவாகப் படியுங்கள். “உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக.” நோயாளிக்கு அங்கே ஒரே ஒரு வேலைதான்: ஆளனுப்புவது. எண்ணெய் பூசுவது மூப்பர்கள், ஜெபிப்பது மூப்பர்கள். அதற்கு அடுத்த வசனத்தில் “விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்” என்று வருகிறதே, அந்த ஜெபத்தைச் செய்தவர் யார்? படுத்திருப்பவரா? விசுவாசம் குறைந்தது என்று குற்றம்சாட்டித்தான் ஆக வேண்டுமென்றால், அந்த வசனத்தின்படி விரல் திரும்ப வேண்டிய திசை எண்ணெய்க் குப்பியைப் பிடித்திருந்த கைதான். உங்கள் ஊழியர் உங்களைப் பார்த்தபோது நீங்கள் அவரைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

கப்பர்நகூமில் நாலுபேர் கைகால் விளங்காத ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்து, கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலை இறக்கினார்கள். “இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு” என்று மாற்கு எழுதுகிறார். அவர்கள் என்ற பன்மையைக் கவனியுங்கள். கட்டிலில் கிடந்தவன் அந்தக் கதையில் வாயே திறக்கவில்லை. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனுக்கோ, தன்னை எழுப்பியவர் யார் என்றுகூடத் தெரியாது. அவனிடம் யாரும் அறிக்கையிடச் சொல்லவில்லை. அந்தக் குளத்து மண்டபங்களில் திரளான நோயாளிகள் கிடந்தார்கள், அன்று எழுந்து நடந்ததாக எழுதப்பட்டவன் அவன் ஒருவன்தான் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர்களுடைய பாவத்தால்தான் அப்படிக் கிடந்தார்கள் என்று யோவானும் எழுதவில்லை.

மருந்து விஷயத்தில் நம்மிடம் சாக்குச் சொல்லவே இடமில்லை. எசேக்கியா ராஜா அழுது ஜெபித்து, பதினைந்து வருஷம் கூட்டித் தரப்பட்ட பிறகும், ஏசாயா அவருடைய பிளவையின் மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்ன அதே பவுல், தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாக மறைக்காமல் எழுதுகிறார். எவரெஸ்ட்டில் 1922இலும் 1924இலும் ஏற முயன்ற ஆங்கிலேய மருத்துவர் சாமர்வெல், குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆயிரக்கணக்கானவர்களின் குடற்புண்ணை அறுத்துச் சரிசெய்தார். என் தாத்தா தம் வயிற்றிலிருந்த நெய்யூர்த் தழும்பைக் காட்டி, “கர்த்தர் சுகமாக்கின இடம்” என்று ஜெபக்கூட்டத்திலேயே சாட்சி சொல்வார். அந்தத் தலைமுறைக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. அந்தத் தாத்தாவின் பேரன் காலத்தில்தான் மாத்திரை அட்டை தலையணைக்கு அடியில் போயிற்று.

கேட்கப்படாத ஜெபத்துக்கு உதாரணமாக நம் ஞாயிறு பள்ளிகளில் டோனாவூரில் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கதையைச் சொல்வார்கள்; நீங்களும் கேட்டிருப்பீர்கள். அயர்லாந்தில் சிறுபிள்ளையாக இருந்தபோது நீலநிறக் கண் வேண்டும் என்று இரவில் ஜெபித்தார், காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். பிற்காலத்தில் சேலை உடுத்தித் தமிழ்ப் பெண்களோடு நடமாட அந்தப் பழுப்புக் கண்தான் உதவிற்று என்று முடிப்பார்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்காது. கதை பொய் என்பதால் அல்ல, வசதியாக அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதால். அவருடைய வலக்கரமாயிருந்த பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் வந்தபோது டோனாவூரே ஜெபித்தது. பொன்னம்மாள் 1915இல் இறந்தார். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்த அம்மையார், 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையறையிலேயே கிடந்தார். சற்றேறக்குறைய இருபது ஆண்டுகள். இதற்கு எந்தப் பழுப்புக் கண்ணைக் காரணம் காட்டுவீர்கள்? அந்த அறையிலிருந்துதான், நோயாளிகளுக்கான ஆறுதல் புத்தகங்களை நலமாயிருப்பவர்களே எழுதுகிறார்கள் என்று குறைபட்டு, நோயாளி நோயாளிக்கு எழுதுவதாக ஒரு புத்தகத்தையே அவர் எழுதினார். ‘காரணம் பிறகு தெரியவரும்’ என்று உங்களிடம் யாராவது சொன்னால், அவர் எத்தனை நாள் படுக்கையில் கிடந்தவர் என்று கேளுங்கள்.

இப்போது உங்களைக் கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடிதம் முழுவதும் அப்பா அழைத்துவந்தார், ஊழியர் சொன்னார், ஜெபக்குழுவினர் வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா மாத்திரையை ஒளித்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்; ஒருமுறை அல்ல, பலமுறை. அந்த அட்டையை எடுத்து எல்லார் கண்ணிலும் படும்படி மேசைமேல் வைக்க உங்களுக்கு ஏன் கை வரவில்லை? வேளை தவறாமல் கொடுத்தால்தான் மார்ஃபின் வலியைக் கட்டுப்படுத்தும். ஜெபக்குழு இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்த நாள்களில் அவருடைய வேளை தவறியதா என்று கவனித்தீர்களா? இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஒன்பது நாள் வராமலே இருந்தவன் கேட்கிறேன். நீங்களாவது பக்கத்தில் இருந்தீர்கள். உங்கள் மேல் விழுந்த ‘விசுவாசக் குறைவு’ என்ற பழியை உதறிவிடுங்கள், அது உங்களுடையது அன்று. அட்டையை எடுத்து வைக்காத வருத்தத்தை மட்டும் உதறாதீர்கள்.

எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் மூன்று நண்பர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடுகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் யோபு அவர்களை “அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்” என்றார். புத்தகத்தின் முடிவில் கர்த்தர் கோபித்துக்கொள்வதும் அவர்களைத்தான். ஏறக்குறைய இருபது அதிகாரங்கள் வாதாடிப் புலம்பிய யோபுவை அல்ல.

அந்த ஊழியரை அழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஏறக்குறைய மறந்தே போனேன். அப்பா விரும்பினால் அழையுங்கள். அந்த இரண்டு வருஷத்தில் உங்கள் வீட்டுப் படியேறி வந்து அவர் கையைப் பிடித்தவர் அந்த ஒருவராக மட்டும் இருந்திருக்கலாம். உங்கள் சேகரத்துப் போதகர் ஐயர் எத்தனை முறை வந்தார் என்று நீங்கள் எழுதவே இல்லையே. ஆனால் வருகிறவர் அன்று பேச வேண்டாம், உட்கார்ந்திருக்கட்டும். அதை அப்பா வழியாகச் சொல்லாமல் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். வேதபாடத்துக்கு எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எடுங்கள், நீங்களே வாசியுங்கள். கடைசி வரிவரை வெளிச்சம் வராத சங்கீதம் அது. வாசித்து முடித்ததும் யாரும் அவசரமாகப் பாட்டு எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. மிச்ச மாத்திரைகள் வீட்டில் இருந்தால் வைத்திருக்காதீர்கள், மார்ஃபின் ஆபத்தானது. கொடுத்த இடத்திலேயே திருப்பி ஒப்படைத்துவிடுங்கள். போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.