வேலை கொடுத்தால் ஓடுகிறது, சும்மா விட்டால் உறைகிறது

கேள்வி: பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். மூன்று கவுன்டர்களுக்கும் சேர்த்து ஒரே பில்லிங் சர்வர், விண்டோஸில் ஓடுகிறது. இரண்டு மாதங்களுக்கு முன்பு மதர்போர்டும் பிராசஸரும் மாற்றினோம், மற்றதெல்லாம் பழையது. அதிலிருந்து வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலையில் கடை திறக்கும்போது உறைந்து கிடக்கிறது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, கீபோர்டுக்கு அசைவதில்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று இருக்கிறது. மின்சாரக் கோளாறு என்றார் மெக்கானிக். யூபிஎஸ் மாற்றினேன், ரேம் மாற்றினேன், பலனில்லை. முகூர்த்த நாள் நெரிசலில் பன்னிரண்டு மணி நேரம் ஓடியும் ஒருமுறைகூட நின்றதில்லை என்பதுதான் வேடிக்கை.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேடிக்கை என்று நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. தூசியோ சூடோ காரணமாக இருந்தால் நெரிசல் நாளில்தான் படுத்திருக்கும். உங்கள் சர்வர் ஆளில்லாத நேரத்தில் அல்லவா விழுகிறது!

முதலில் அந்த 41. அது நோயின் பெயரல்ல. 'போன முறை என்னை ஒழுங்காக அணைக்கவில்லை' என்று, மறுபடி எழுந்த விண்டோஸ் எழுதிவைக்கும் புகார். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தவர் நீங்கள்தானே? உறைந்த நேரம் வேண்டுமென்றால் அதற்கு முந்தைய பதிவின் நேரத்தைப் பாருங்கள். நள்ளிரவு தாண்டியே இருக்கும் என்பது என் ஊகம்.

என் சந்தேகம், கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான பழைய பவர் சப்ளையின் மேல். மெக்கானிக் மின்சாரம் என்றது ஒருவகையில் சரிதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு வெளியே தேடிவிட்டார். வேலையில்லாதபோது இன்றைய பிராசஸர்கள் சி6, சி7 என்ற ஆழ்ந்த உறக்க நிலைகளுக்குப் போகும். 2013இல் இன்டெலின் ஹாஸ்வெல் பிராசஸர்கள் வந்தபோது, 12 வோல்ட் இணைப்பில் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னோட்டம் 0.05 ஆம்பியர்வரை இறங்கலாம் என்றானது. அதற்கு முந்தைய பவர் சப்ளைகள் பலவும் 0.5 ஆம்பியரைக் கீழ்வரம்பாக வைத்துச் செய்யப்பட்டவை. பெரிய தீயில் நன்றாக எரிந்து, சிம்மில் வைத்தால் அணைந்துபோகும் பழைய கேஸ் அடுப்பைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை.

காசு செலவழிக்காமல் சோதிக்கலாம். கணக்குக் கோப்புகளை இன்றே வேறு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். பட்டனை அழுத்தி அணைத்த ஒவ்வொரு முறையும் உங்கள் டேட்டாபேஸ் பிழைத்தது அதிர்ஷ்டம். பிறகு கடை அடைக்கும்போது ஏதாவது ஒரு கல்யாண வீடியோவை இரவு முழுவதும் திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டுப் போங்கள். பத்து இரவுகள் உறையாமல் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்து வீடியோவை நிறுத்திவிட்டு, பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரை) சி6, சி7 இரண்டையும் முடக்கி இன்னொரு பத்து இரவு பாருங்கள். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். அப்போதும் உறையவில்லை என்றால் தைரியமாகப் புது பவர் சப்ளை வாங்கலாம்.

உங்கள் மெக்கானிக்கை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு மில் அலுவலகத்தில் இரண்டு முறை ரேமும் ஒரு முறை மதர்போர்டும் மாற்றி, பாவம் அவர்கள் பணத்தைக் கரைத்த பிறகுதான் பவர் சப்ளைக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்கள் தலை உப்பி நின்றதைக் கண்டேன். நீங்கள் அதைத் திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

வீடியோ ஓடும்போதும் உறைந்தால் என் கணிப்பு தவறு. அப்போது கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறினால் விண்டோஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது, டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். மாறாவிட்டால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓரிரவு ஓட்டுங்கள். புது ரேமும் பழுதாக வருவதுண்டு. உறைந்த நேரங்களையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.