பழைய ராணுவத் துப்பாக்கிகள் மேல் ஆர்வம் வைப்பது தப்பா? இந்தியாவில் அவற்றைச் சேகரிக்க முடியுமா?

தப்பே இல்லை. இந்தக் கேள்வியை நீங்கள் எதனால் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். போன் முழுக்கத் துப்பாக்கிப் படமாக இருப்பதைப் பார்த்து வீட்டில் யாராவது "இதெல்லாம் எதுக்குடா உனக்கு" என்று கத்தியிருப்பார்கள். இல்லையென்றால் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் மாமா ஒருவர் நாலு பேர் முன்னால் கேட்டிருப்பார். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது, அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் "இவன் சட்டவிரோதத்துக்கு வழி காட்டுகிறான்" என்று கீழே யாராவது வருவார்கள். அமெரிக்காக்காரன் மாதிரி பழைய ராணுவ ரைஃபிளை வாங்கிச் சுவரில் மாட்டுவது இங்கே நடக்காது. பட்டாளத்தில் பல காலம் இருந்த த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிள் தடை செய்யப்பட்ட ரகம். பட்டாளத்துத் தோட்டா வெளியார் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் போட்ட கணக்கு அது, லைசென்ஸ்காரர்கள் வீட்டில் .315 ரைஃபிள் இருப்பதற்கும் அதுதான் காரணம். அதிலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஆளுக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பரணில் கிடைத்தது அந்த வகைதான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். வக்கீலைப் பார்த்து, முறைப்படி ஸ்டேஷனுக்குத் தெரியப்படுத்துங்கள்.

அப்புறம் நான் என்னதான் சேகரிக்கிறேன்? தோள்வார், பித்தளை எண்ணெய்க் குப்பி, பழைய பயிற்சிக் கையேடுகள், பட்டாளத்துக்காரர்கள் வீட்டுப் போட்டோக்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, துப்பாக்கி மேல் அடித்திருக்கும் முத்திரைகளின் பிரதி. அதையெல்லாம் படித்து, தமிழில் குறிப்பு எழுதி, கேட்கிறவர்களுக்கு அனுப்புகிறேன். கையில் துப்பாக்கி இல்லாமலே இந்த ஆர்வத்தை முழுசாக வைத்துக்கொள்ளலாம்.

இது எனக்கு காலேஜ் என்சிசியில் தொடங்கியது. அணிவகுப்புக்குக் கொடுக்கும் டிபி ரைஃபிள், சுட முடியாதபடி செய்தது. கந்தல் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் இழுத்துத் தள்ளுகிற போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, பட் கட்டை வந்து சேரும் இரும்பு வளையத்தின் வலப்பக்கத்தில், அழுக்கு போனதும் ஒரு கிரீடம் தெரிந்தது. அதன் கீழே ஜி.ஆர்.ஐ. (ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்து), அதற்கும் கீழே இஷாப்பூர் (வங்காளத்துத் துப்பாக்கித் தொழிற்சாலை), 1942. மேகசினுக்கு (தோட்டாப் பெட்டிக்கு) முன்னால் மரத்தில் குறுக்கே ஒரு திருகு. மரம் பிளக்காமலிருக்க இஷாப்பூர்க்காரர்கள் போட்டது. ஹவில்தாரிடம் அனுமதி கேட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அந்த முத்திரையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் காட்டினேன். எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டைக்குப் பக்கம். அந்தப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தாத்தா 1962 சீனப் போரில் வடகிழக்கு மலையில் இருந்தவர், ஆனால் அதைப் பற்றி எங்கள் நைனாவிடம்கூட வாய் திறந்தது கிடையாது. அந்தத் தாளைப் பார்த்ததும் வலது கை தானாக மேலே போனது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போல்ட் குமிழைப் பிடித்தபடி, நடுவிரலால் விசையை அழுத்துகிற அந்த வேக முறை. தூக்கு, இழு, தள்ளு, அழுத்து. வெறும் காற்றில் பத்து ரவுண்டு முடித்துவிட்டு, "எதிர்ல இருந்தவன் ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட்ட இழுக்கலடா, விசைய அழுத்தினா போதும் அவனுக்கு" என்றார். அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் பேசினார். பாட்டி சாப்பாட்டை இரண்டு தடவை சூடு பண்ண வேண்டியிருந்தது.

எனக்குப் புரிந்தது இதுதான்: யார் கையில் எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள் என்று பார்த்தால், ஆட்சியில் இருந்தவன் யாரை எவ்வளவு நம்பினான் என்று தெரிந்துவிடும். 1857க்குப் பிறகு வெள்ளைச் சிப்பாய்க்கு ரைஃபிள், நம் ஆளுக்கு மஸ்கட், அதாவது குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் வரி குழலுக்குள் இல்லாத துப்பாக்கி. 1914ல் பிரான்சுக்குப் போன இந்தியப் படைக்கு மார்செய் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான் புது ரைஃபிள் கொடுத்தார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் கல்வெட்டு இருக்கிறது: இங்கிருந்து 277 பேர் அந்தப் போருக்குப் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை. தினமும் அதன் கீழே காய்கறி வாங்குகிறோம். பழைய .410 மஸ்கட்டும் அதே கதைதான். த்ரீ நாட் த்ரீயைத்தான் மாற்றி, மேகசினை அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா என்று காவலர்களுக்குக் கொடுத்தார்கள்.

வேலூர் மக்கான் பகுதியில் இருக்கும் சிப்பாய்ப் புரட்சித் தூணுக்கு ஜூலை 10 அன்று மாலை போடுகிறோம், நல்லதுதான். 1806ல் வேலூர்க் கோட்டைக்குள் எழுந்த சிப்பாய்கள் கையில் இருந்தது பிரவுன் பெஸ் மஸ்கட், கிழக்கிந்தியக் கம்பெனிக்கென்றே 39 அங்குலக் குழலோடு செய்த ரகம். நிமிஷத்துக்கு மூன்று குண்டு போட்டாலே கெட்டிக்காரன், நூறு கஜத்தைத் தாண்டினால் குறி நிற்காது. அதை வைத்துக்கொண்டு, ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படையையும் பீரங்கியையும் எதிர்த்து நின்றார்கள். இதைச் சொன்னால் "வன்முறையைப் போற்றுகிறாய்" என்கிறார்கள். துப்பாக்கியோடு ரீல்ஸ் போடுகிற பையன்களை எனக்கும் பிடிக்காது, அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் சொல்கிறேன். அதே தாத்தாவுக்கு முன்னாள் படைவீரர் என்று ஒதுக்கிய நிலத்துக்கு இன்னும் பட்டா வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நைனாவும் நானும் மாறி மாறி அலைகிறோம். போன தடவை மூல ஆவணம் காணவில்லை என்றார்கள், எங்களிடம் இருந்த நகலைக் கொடுத்தோம், இப்போது அந்த நகலும் காணவில்லையாம். கொடியேற்றும் நாளில் சால்வை போடுகிறவர்கள் இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் தேடிக் கொடுக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் ஆயுதக் கூடம் இருக்கிறது, ஒருநாள் முழுக்க ஒதுக்கிப் போய் வாருங்கள். ஊரில் பெரியவர் யாராவது பட்டாளத்தில் இருந்தவர் என்றால் போய் உட்காருங்கள், எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். துப்பாக்கியை எப்படித் துடைப்பீர்கள் என்று கேளுங்கள், மீதியை அவரே சொல்வார். லைசென்ஸ் உள்ள உறவினர் வீட்டில் ஏதாவது பார்த்தால், அவர் சம்மதித்தால் மட்டும், வலப்பக்க முத்திரை தெளிவாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வரிசை எண்ணை மறைத்துவிடுங்கள். என்ன ரகம், எந்த ஆண்டு என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் எழுதி அனுப்புகிறேன்.